கணனிக்கேற்ற கிராபிக்ஸ் அட்டை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணனி பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டபொழுது, பல்கலைக்கழகத்திலே படிக்கிறவன், பெரிய விடயம் ஏதும் சொல்லுவான் என்று செயலாளர் எண்ணியிருக்கக்கூடும். நான் சொல்ல வந்ததோ, பிழையாக வாங்கிய ஒரு பொருளைப் பற்றியதாகும்.

சென்ற ஆண்டு அம்மா தமது சீட்டுக்காசில் ஒரு பகுதியை என் கையிலே தந்தார். படிப்பின் பொருட்டு முப்பரிமாணப் படங்கள் வரையவேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ அலுவலகமொன்றிலே கழித்துவிட்ட ஒடுங்கிய கணனி. கடைக்குப் போய், பெயரையும் விலையையும் நினைவகத்தின் அளவையும் மாத்திரம் பார்த்து, ஒரு கிராபிக்ஸ் அட்டையை வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றி உள்ளே வைத்தால், அட்டை பெட்டியிலும் உயரம்! கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அவர்மீதும் குற்றமில்லை, என் கணனி எத்தகையது என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

ஆதலால், அட்டையின் விலையை விசாரிக்குமுன் உங்கள் கணனியின் மூடியைத் திறந்து பாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

திறந்ததும் தாய்ப்பலகையிலே நீண்ட ஸ்லொட்டுகள் தென்படும். அவை எல்லாக் காலத்திலும் ஒரே வகையாக இருந்தவை அல்ல. 1981 இல் ஐபிஎம் நிறுவனத்தின் கணனியோடு வந்த ஸ்லொட் பின்னர் ஐஎஸ்ஏ எனப் பெயர் பெற்றது. 1992 இல் இன்டெல் நிறுவனம் பிசிஐ என்பதைக் கொணர்ந்தது. 1997 அளவிலே படத்துக்கென்றே ஏஜிபி வந்தது. 2004 தொடக்கம் அவ்விடத்தைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிடித்துக்கொண்டது. ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றிலே பொருந்தாது. வீட்டு மூலையிலே ஏஜிபி ஸ்லொட் உள்ள பழங்கணனியை வைத்திருக்கும் பெரியோர் எவரேனும் இங்கிருந்தால், அதற்கெனப் புதிய அட்டை தேடி அலையவேண்டாம்.

பிசிஐ எக்ஸ்பிரஸிலே கிராபிக்ஸ் அட்டைக்கு உரியது பதினாறு வழிகளையுடைய நீண்ட ஸ்லொட். ஏறக்குறைய 89 மில்லிமீற்றர் இருக்கும். இதிலே மூன்றாந் தலைமுறை, நான்காந் தலைமுறை, ஐந்தாந் தலைமுறை என்றெல்லாம் உண்டு. இதைக் குறித்தே நம் இளைஞர் மிகவும் கவலைப்படுகின்றனர். அது பெரும்பாலும் வேண்டாத கவலை. புதிய அட்டை பழைய ஸ்லொட்டிலும் வேலை செய்யும். இரண்டிலும் குறைந்த வேகத்துக்கு இணங்கிவிடும். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மலிவான சில அட்டைகள் பதினாறு வழிகளையும் பயன்படுத்துவதில்லை. 2022 இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு வழிகளை மாத்திரமே கொண்டது. நான்காந் தலைமுறை ஸ்லொட்டிலே செக்கனுக்கு 8 கிகாபைட் அளவு கடத்தவல்ல அது, மூன்றாந் தலைமுறையிலே 4 கிகாபைட்டோடு நின்றுவிடும். பழைய கணனிக்காரரே மலிவான அட்டையைத் தேடுபவர்; அவருக்கே இந்த இடறல்! தாய்ப்பலகையின் கீழ்ப்பக்கத்து இரண்டாவது நீண்ட ஸ்லொட்டும் சில வேளைகளில் இப்படித்தான்: தோற்றத்திலே பதினாறு, உள்ளே நான்கு. பலகையோடு வரும் கைந்நூலிலே இது எழுதியிருக்கும்.

அடுத்தது இடம். அட்டையின் நீளம், தடிப்பு, உயரம் மூன்றையும் அளக்கவேண்டும். பல அட்டைகள் இரண்டு ஸ்லொட்டுகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒடுங்கிய பெட்டிக்குக் குட்டை அட்டையும், அதற்குரிய குட்டையான தகரப் பட்டையும் வேண்டும்.

இனி மின்சாரம். பெரியோர்கள் இதைச் சற்றுக் கவனித்துக் கேட்கவேண்டும். ஸ்லொட் வழியாக அட்டைக்குக் கிடைப்பது கூடியது 75 வாட். அதற்கு மேல் வேண்டுமாயின் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும்: ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரும். அலுவலகக் கணனிகள் பலவற்றிலே இக்கம்பிகள் கிடையா. அப்பொழுது சிலர், வட்டுக்குச் செல்லும் சாட்டா இணைப்பிலிருந்து ஒரு மாற்றியைப் போட்டு ஆறு முனையாக்கிவிடுகின்றனர். அவ்விணைப்பு 12 வோல்ட்டிலே 54 வாட் வரைக்கே அமைந்தது. அதிலே 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பற்றலாம். பிள்ளைகள் இரவிரவாக விளையாடும் அறையிலே இது வேண்டாத ஆபத்து.

தனிக் கம்பி கேளாத அட்டைகளும் உள. என்விடியா நிறுவனத்தின் ஜிடி 1030 (2017) ஏறத்தாழ 30 வாட்டோடு அடங்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (2016) 75 வாட். அதிலே கம்பி வேண்டாத வடிவங்கள் பல. இன்டெல்லின் ஆர்க் அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல்: ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாத பழைய பலகைகளிலே அவற்றின் வேகம் பெரிதும் குன்றிவிடும்.

உயரமான பெட்டி வைத்திருந்த சக மாணவர் ஒருவர் என் அட்டையை நட்டவிலைக்கு வாங்கிக்கொண்டார். அப்பணத்திலே 1050 டிஐயின் குட்டை வடிவம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இம்முறை அளந்த கடதாசியையும் கடைக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் கணனியை அதோ அந்த மேசைமீது மூடி கழற்றி வைத்திருக்கிறேன். மின்கம்பி பிடுங்கியிருக்கிறது, பக்கத்திலே அளவுகோலும் உண்டு. தம்பி தங்கையர் வந்து அட்டையைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கை வைக்குமுன் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின் அட்டையைப் பழுதாக்கிவிடும்.