முயலுக்குச் சீழ்க்கட்டி வந்தால்: பிதுக்காதீங்க, சிரப் ஊத்தாதீங்க

நான் திண்டுக்கல்ல கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இந்தப் பகுதியில முயலுக்கு வர்ற சீழ்க்கட்டியைப் பத்திப் பேசலாம்.

சில மாசம் முன்னாடி ஒரு அம்மா, பிளாஸ்டிக் கூடையில வெள்ளை முயல் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. கூடவே ஆறாவது படிக்கிற மக. முயலோட கீழ்த்தாடையில நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். "சின்னவனுக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப்பை ரெண்டு வேளை கொடுத்தேன் சார். கட்டி வத்தலை, நேத்து ராத்திரியில இருந்து புல்லும் திங்கலை"ன்னாங்க. எனக்குக் கட்டியை விட அந்த சிரப் மேலதான் பயம்.

காரணம் இதுதான். முயல் தின்னும் புல்லைச் செரிக்க வைக்கிறது அதோட குடல்ல இருக்கிற நல்ல கிருமிகள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் மாதிரி மருந்துகளை வாய் வழியா கொடுத்தா அந்த நல்ல கிருமிகள் அழியும். அந்த இடத்துல கிளாஸ்டிரிடியம் பெருகி நஞ்சை உண்டாக்கும். கழிச்சல் கண்டு சில நாள்லயே முயல் செத்துப்போகலாம். கட்டியால சாகாத முயல் மருந்தால சாகும். பென்சிலினை ஊசியா போடுறது வேற கதை. அதை மருத்துவர் முடிவு பண்ணுவார்.

அடுத்த தப்பு, பிதுக்குறது. ஆட்டுக்கும் நாய்க்கும் கட்டியைக் கீறி விட்டா சீழ் வழிஞ்சு ஓடிடும். முயலோட சீழ் அப்படி இல்ல. பற்பசை மாதிரி கெட்டியா இருக்கும். சீழை இளக்குற ஒரு நொதிப்பொருள் முயலோட வெள்ளை அணுக்கள்ல இல்லாததுதான் காரணம். சுத்தி ஒரு தடிச்ச உறை வேற. பிதுக்கினா உள்ளேயே உடைஞ்சு பரவும். அதனால முடிஞ்ச வரைக்கும் உறையோட சேர்த்து அறுத்து எடுக்கணும்.

தாடையில கட்டின்னா பல்லைப் பார்க்காம விடக்கூடாது. முயலுக்குப் பல்லு ஆயுசுக்கும் வளரும். புல்லை மென்னாத்தான் தேயும். அரிசி, பிஸ்கட், கடலைன்னு கொடுத்து வளர்த்தா பல்லு நீண்டு, வேர்ப்பக்கம் சீழ் பிடிக்கும். இந்த முயலுக்கும் அதேதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒரு கடைவாய்ப் பல்லையும் எடுத்தோம்.

அறுவைக்கு முன்னாடி நாய் மாதிரி பட்டினி போட வேண்டாம். முயலால வாந்தி எடுக்க முடியாது. பட்டினி கிடந்தா குடல்தான் நின்னுபோகும். அறுவைக்கு அப்புறமும் வலி மருந்து கொடுத்து, சீக்கிரம் திங்க வைக்கணும். திங்கலைன்னா அரைச்ச தீவனத்தை ஊசி இல்லாத சிரிஞ்ச்ல, கடைவாய் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். அந்தப் பொண்ணு தினமும் புழுக்கையை எண்ணி நோட்டுல எழுதி வச்சிருந்தா. எனக்கு எந்த ரிப்போர்ட்டையும் விட அது உபயோகமா இருந்தது. அரை நாளைக்கு இரை எடுக்காம, புழுக்கையும் போடாம இருந்தா, அது அவசரம்னு எடுத்துக்குங்க.

நம்ம மாவட்டத்துலயே, கொடைக்கானல் மேல்மலை மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்க்கிறாங்க. அது குளிர்ந்த மலை. கீழே நம்ம ஊரு வெயில்ல முயல் இளைக்கும், இரை குறையும், ஈயும் மொய்க்கும். புண்ணுல ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல புழு வந்திடும். அதனால புண் ஆறுற வரைக்கும் வீட்டுக்குள்ள, காத்தோட்டமான இடத்துல, கொசுவலை போட்டு வைங்க. காலையும் சாயங்காலமும் புண்ணைப் பாருங்க. கூண்டுல கூர்மையான கம்பி நீட்டிக்கிட்டு இருந்தா மடக்கி விடுங்க. அந்தக் கீறல்லயும் கட்டி ஆரம்பிக்கும்.

அந்த முயல் பிழைச்சது. ஆனா ரெண்டு மாசத்துல அதே இடத்துல திரும்பக் கட்டி வந்து, மறுபடி அறுத்தோம். தாடைக் கட்டி அப்படித்தான், திரும்ப வரும். அதை முதல் நாளே வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிடணும். இப்ப அதுக்குச் சாப்பாடு பெரும்பாலும் அருகம்புல், கொஞ்சம் அகத்தி. பிஸ்கட்டை நிறுத்திட்டாங்க.

வாரம் ஒரு தடவை உங்க முயலை மடியில வச்சு, தாடையைத் தடவிப் பாருங்க. கடலை அளவுல கண்டுபிடிச்சா வேலை சுலபம். அடுத்த பகுதியில சந்திப்போம்.