காணொளியும் கள்ளாமையும்

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டிலிருந்தே காணொளி எடுத்து இணையத்தில் இடும் ஆர்வலர்கள், தொழில்முறை ஊடகங்கள், விளம்பரதாரர்கள் ஆகிய மூவரைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். சமய விழாவிற்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இன்று நம் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் படம் எடுத்து வெளியிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாமோ அத்தகைய படங்களைப் பார்த்துப் பொருள் வாங்குகிறோம், மருந்து உண்கிறோம், சேமிப்பை எங்கே இடுவது என்றுகூட முடிவு செய்கிறோம். எனவே இஃது இல்லறத்தாரின் அணுவிரதங்களைத் தொடும் பொருளே ஆகும்.

யூடியூப் என்னும் தளம் 2005 பிப்ரவரியில் தோன்றியது. அதன் முதல் காணொளி அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. தளத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன் நின்று, அவற்றின் துதிக்கை நீளமானது என்று சொல்கிறார். 19 விநாடிகளில் படம் முடிந்துவிடுகிறது. ஒளியமைப்பு இல்லை, ஒப்பனை இல்லை, எழுதி வைத்த உரையாடலும் இல்லை. தொலைக்காட்சி நிலையம் எதுவும் அதை ஒளிபரப்பியிருக்காது. ஆயினும் அந்தப் 19 விநாடியில் ஒரு பெரிய மாற்றத்தின் விதை இருந்தது. அதுவரை அசையும் படத்தைப் பலர்க்குக் காட்ட வேண்டுமாயின் அரங்கமோ அலைவரிசையோ வேண்டும். அவற்றுக்குப் பெரும்பணம் வேண்டும். அந்த வாயில் இப்போது எல்லோர்க்கும் திறந்தது. மறு ஆண்டிலேயே கூகுள் நிறுவனம் அத்தளத்தை 165 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது. அவ்வாண்டு இறுதியில் 'டைம்' இதழ் ஆண்டின் சிறந்த மனிதராக 'நீங்கள்' என்று பொதுமக்களையே அறிவித்தது.

பெருநிறுவனங்கள் இம்மாற்றத்தை முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. 2006இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த இருவர், நூற்றுக்கு மேற்பட்ட டயட் கோக் புட்டிகளில் மென்டோஸ் மிட்டாய்களை இட்டு, அவற்றை நீரூற்றுகளைப் போலப் பீறிடச் செய்து படம் பிடித்து வெளியிட்டனர். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். மிட்டாய் நிறுவனம் மகிழ்ந்தது. கோகோ கோலா நிறுவனமோ, தன் பானத்தை மக்கள் பருகவே விரும்புவதாகச் சொல்லி முதலில் விலகி நின்றது. பின்னர் மனம் மாறி அவ்விருவருடனும் கைகோத்தது. பல கோடி செலவிட்டும் விளம்பரத்தால் பெற முடியாத ஒன்று அந்த இருவரிடம் இருந்தது. அதன் பெயர் நம்பிக்கை. பணம் வாங்காமல், தம் மகிழ்ச்சிக்காக ஒருவர் செய்வதை மக்கள் ஐயமின்றிப் பார்ப்பார்கள். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்கலாம் என்பதை வணிக உலகம் விரைவில் கற்றுக்கொண்டது.

அதே 2006இல் 'லோன்லிகேர்ள்15' என்னும் பெயரில் பிரீ என்ற 16 வயதுச் சிறுமி தன் அறையில் அமர்ந்து மனம்திறந்து பேசும் படங்கள் வெளிவந்தன. பல்லாயிரவர் அவளைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் எண்ணி ஆறுதல் எழுதினர். செப்டம்பர் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. பிரீ என்று ஒருத்தி இல்லை. நடித்தவர் ஜெசிகா ரோஸ் என்னும் நடிகை. திரைக்கதை எழுதி, இயக்கி, திட்டமிட்டு வெளியிட்ட கதைத்தொடர் அது. கதை சொல்வது குற்றமன்று. கதையை மெய்ந்நிகழ்ச்சி என்று நம்பவைத்து அன்பைப் பெற்றதே பலரை வருத்தியது. வீட்டுப் படம்போல் தோன்றுவதெல்லாம் வீட்டுப் படமாக இருக்க வேண்டியதில்லை என்பதை உலகம் அன்று அறிந்தது.

2007இல் யூடியூப் தன் விளம்பர வருவாயைப் படைப்பாளர்களுடன் பகிரத் தொடங்கியது. இன்று வழக்கமான நீண்ட காணொளிகளில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளருக்கும் 45 விழுக்காடு தளத்திற்கும் செல்கின்றன. எத்தனையோ சிற்றூர் இளைஞர்களுக்கு இஃது உணவளித்திருக்கிறது. நாம் அதை வரவேற்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரில் ஒரு முதியவரும் அவர் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றனர். அவர்கள் சமைக்கும் உணவு பெரும்பாலும் நம் அறத்திற்கு உடன்பாடானதன்று. எனினும் தொலைக்காட்சி நிலையங்கள் எண்ணிப்பாராத ஒன்றை எளிய மக்கள் செய்ததை மறுக்க இயலாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017இல் தம் விளம்பரங்கள் தீவிரவாதக் காணொளிகளின் அருகே தோன்றுவதைக் கண்ட பெருநிறுவனங்கள் பல, யூடியூபிலிருந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன. தவறொன்றும் செய்யாத படைப்பாளர்கள் பலரின் வருவாயும் சரிந்தது. 2018 தொடக்கத்தில், 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் உடையவர்க்கே விளம்பர வருவாய் என்று விதி வந்தது. சிறியவர்கள் வெளியே நின்றார்கள். வாயிற்காப்போன் போய்விட்டான் என்று மகிழ்ந்தவர்கள், அவன் உடை மாற்றிக்கொண்டு உள்ளேயே அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். நேரடி விளம்பர வருவாய் நிலையில்லாதது என்று உணர்ந்தவர்களிடம், "எங்கள் பொருளைப் பற்றி நல்லபடியாக நாலு சொல் சொல்லுங்கள், விளம்பரம் என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்பவர்கள் வந்தால், மறுப்பது எளிதா?

இவ்விடத்தில்தான் நம் ஆகமம் நமக்குக் கைகொடுக்கிறது. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் நேரக்கூடிய ஐந்து அதிசாரங்களை எண்ணிக் கூறுகிறார். கள்ளாமை விரதத்திற்குரிய ஐந்தையும் கேளுங்கள். திருடும்படி பிறரைத் தூண்டுதல். திருடி வந்த பொருளை ஏற்றுக்கொள்ளுதல். அரசின் சட்டத்தை மீறுதல். அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல். போலியை உண்மைப் பொருளாகக் காட்டி வணிகம் செய்தல். கடைசியாகச் சொன்னதற்குப் 'பிரதிரூபக வியவகாரம்' என்று பெயர்.

இப்பட்டியலை இன்றைய காணொளி உலகின் மேல் வைத்துப் பாருங்கள். பிறர் உழைத்து எடுத்த படத்தை இறக்கித் தம் பெயரில் ஏற்றுவது, திருட்டுப் பொருளை ஏற்பது. பார்வைகளையும் சந்தாதாரர்களையும் விலைக்கு வாங்கி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது, கள்ளத் தராசு. பணம் பெற்றுக்கொண்டு சொல்லும் புகழ்ச்சியைத் தம் சொந்த அனுபவம்போல் சொல்வது, பிரதிரூபக வியவகாரம். இதைப் பொய்யாமையின்கீழ் மட்டும் வைத்து அமைதியடைய முடியாது. "நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, பொருள் உண்மையிலேயே நல்லதுதான்" என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் கேட்டவர், "இவர் பணம் வாங்காமல் சொல்கிறார்" என்று எண்ணித் தம் நம்பிக்கையைக் கொடுத்தார். கொடுப்பவர் அறியாமல் எடுக்கப்பட்ட அந்த நம்பிக்கை களவுப் பொருளே.

அப்படியானால் தொழில்முறை ஊடகம் தூயது, ஆர்வலர் தாழ்ந்தவர் என்று கொள்ளலாமா? கூடாது. 2009 தேர்தலின்போது பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்ட நாளிதழ்களைப் பற்றி இந்தியப் பிரஸ் கவுன்சில் 2010இல் ஆராய வேண்டியிருந்தது. பெரிய அச்சகமும் பிரதிரூபக வியவகாரம் செய்யும். சிறிய கைப்பேசியும் செய்யும். இன்று வெளியிடப்படும் நம் மலரிலும் விளம்பரப் பக்கங்கள் உண்டு. அவற்றைக் காண்பவர் எவரும் அவை விளம்பரம் என்பதை அறிவர். கொடுத்த கடையின் பெயரும் அங்கேயே இருக்கிறது. எனவே அதில் குற்றமில்லை. கருவியின் விலையும் தொழிற்பயிற்சியும் இங்கே எல்லைக்கோடு ஆகா. "இதற்கு யார் பணம் கொடுத்தார்?" என்ற வினாவுக்கு விடை வெளிப்படையாக இருக்கிறதா என்பதே எல்லைக்கோடு.

இவ்வினாவுக்கு நம் முன்னோர் கல்லில் விடை எழுதி வைத்தார்கள். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில், கணிநந்தாசிரியர் என்னும் சமண முனிவர்க்காகப் பாழி அமைக்கப்பட்டதைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். கொடை செய்தவர்களுள் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகக் குழுவினரும், இடம்பெற்றுள்ளனர். பல நூற்றாண்டு கடந்து கழுகுமலைக்கு வாருங்கள். பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, இத்திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். குரத்தியர்கள், அவர்தம் மாணாக்கியர் பெயர்கள்கூட அங்கே உள்ளன. வணிகரின் பணம் அறச்செயலில் சேர்வதை நம் மரபு இழிவாகக் கருதவில்லை. பணம் வந்த வழியை எல்லோரும் படிக்கும்படி எழுதியது. அதுதான் நம் மரபு.

இன்று நாட்டின் சட்டமும் அதையே கேட்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்திற்குத் துணைநின்று பரிந்துரைத்தவர்க்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரை செய்வதற்கே தடையும் விதிக்கலாம். பணம் மட்டுமன்று, இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்றிருந்தாலும் அதைப் பார்வையாளர்க்கு எளிதில் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நடுவண் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. சப்த வியசனங்களுள் ஒன்றாக நாம் விலக்கும் சூதின் புதிய வடிவமாகிய, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. இவற்றை மீறுவது, உமாஸ்வாமி கூறிய மூன்றாம் அதிசாரம்.

இனி நம் சமூகத்திற்கு வருகிறேன். தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் சிறியவர்கள். திருமலையில் பாறையோடு உயர்ந்து நிற்கும் நேமிநாதரைப் பற்றியோ, குந்தவை ஜினாலயத்தைப் பற்றியோ, மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவைப் பற்றியோ ஒரு மணிநேரப் படம் எடுக்கத் தொலைக்காட்சி முன்வருவது அரிது. நம்மை நோக்கி விளம்பரம் செய்ய நிறுவனங்களுக்குப் பெரிய ஆதாயமில்லை. எனவே நம் கதையை ஆர்வலர்தாம் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் பிறர் சொல்வார்கள். முனிவர் தவம் செய்த குகையைப் பேய்க்குகை என்பார்கள். கற்படுக்கையின் அடியில் புதையல் என்பார்கள். திகம்பர முனிவரின் துறவை வேடிக்கைப் பொருளாக்குவார்கள். பார்வைகள் பெருகும்; உண்மை புதையும்.

ஆகவே இளைஞர்களே, படம் எடுங்கள். ஏடெழுதிக் கொடுத்ததைச் சாத்திர தானம் என்று போற்றிய மரபு நம்முடையது. உங்கள் காணொளியும் அத்தானத்தின் தொடர்ச்சியாக அமையட்டும். பாட்டிமார் சொல்லும் நோன்புக் கதைகளைப் பதிவு செய்யுங்கள். கல்வெட்டைக் காட்டும்போது அதைப் படித்து வெளியிட்ட அறிஞரின் பெயரைச் சொல்லுங்கள். முனிவர்களையும் ஆரியிகையரையும் அனுமதி பெறாமல் படம் பிடிக்காதீர்கள். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் உள்ளே இல்லாததை இடாதீர்கள். வருவாய் வந்தால் மகிழ்ந்து பெறுங்கள். யார் கொடுத்தார் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே தெளிவான தமிழில் சொல்லுங்கள். பார்ப்போர் சிலர் குறையலாம். எஞ்சுபவர் உங்களை முழுமையாக நம்புவர்.

பெரியோர்களே, காணொளியில் ஒருவர் மருந்தையோ முதலீட்டையோ புகழும்போது, வாங்குமுன் அந்த ஒரு வினாவைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் பணப்பையைத் திறவாதீர்கள். அறக்கட்டளையினர்க்கும் ஒரு விண்ணப்பம்: நம் ஜினாலயங்களை முறையாகப் பதிவு செய்ய இரண்டு மூன்று இளைஞர்க்கு ஒரு நல்ல படக்கருவியும் ஒலிவாங்கியும் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் இறுதியிலும், கழுகுமலைத் திருமேனிகளின் கீழே இருப்பதுபோல, செய்வித்தவர் பெயர் ஒரு வரியில் இருக்கட்டும்.

 வாழ்க அறம்! வளர்க அகிம்சை! ஜெய் ஜினேந்திரா!