மேல்மண் கணக்கு



என் சித்தப்பாவின் இடது விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. முதுகில் தொடங்கி வயிறு வரை வளைந்து வரும். என் கையால் ஒரு சாணுக்கு மேல். சிறுநீரகத்தில் கட்டி என்று ஒரு பக்கத்தை முழுதாக எடுத்தார்கள். சிறுநீரகம் முதுகை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து கிடப்பது. அதை எட்டத் தோலையும் அடுக்கடுக்கான தசையையும் அறுக்கவேண்டும். சிலருக்கு விலா எலும்பில் கொஞ்சம் வெட்டவும் வேண்டும். இந்த நெய்வேலிக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன் எவ்வளவு மேல்மண்ணை அள்ளிக் கொட்டுகிறோம்! சித்தப்பாவை மூன்று மாதம் வீட்டில் உட்காரவைத்தது அந்த மேல்மண்தான்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மாதக் கூலி போயிற்று. சித்தி தன் காதுத் தோட்டை அடகு வைத்தார். ஆஸ்பத்திரி பில்லை நான் பார்த்தேன். இந்த இரண்டும் அதில் இல்லை.

இப்போது ரோபோ வந்திருக்கிறது. எந்திரம் தானாக அறுக்கும் என்று யாரும் பயப்படவேண்டாம். டாக்டர்தான் அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இயக்குகிறார். உடம்பில் 8 மில்லிமீட்டர் துளைகள் சில. அதன் வழியே போகும் கருவியின் நுனி நம் மணிக்கட்டைப் போலத் திரும்பும், ஊசி பிடிக்கும், தைக்கும். 4 சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டி என்றால் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டத்தைக் கவ்விப் பிடித்துவிட்டு, ஏறக்குறைய அரை மணிக்குள் வெட்டித் தைத்து முடிக்கவேண்டும். அங்கே இந்த மணிக்கட்டு தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆள் சில நாளில் வீடு திரும்புகிறார்.

ஆனால் சிறுநீரகத்தையே எடுப்பதென்றால்? ரோபோவை விற்பவர்கள் சித்தப்பாவின் தழும்பைக் காட்டித்தான் பேசுவார்கள். நடுவில், ரோபோ இல்லாமல் டாக்டரே துளைவழியே கருவி விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இருக்கிறது, ஐயா! 1990-இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் அந்தத் துளைவழியிலேயே முதல் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார். அதே நாட்டில் 23,753 நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. முழுச் சிறுநீரகம் எடுப்பதில், பெரிய சிக்கல்கள் ரோபோ, லேப்ராஸ்கோப்பி இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றே. ரோபோவுக்கு நேரமும் கூடுதல், ஆளுக்கு 2,678 டாலர் செலவும் கூடுதல். கட்டி பெருநாளத்துக்குள் ஏறிவிட்டாலோ, பெரும்பாலும் திறந்துதான் ஆகவேண்டும். அந்தக் கைப்பழக்கம் இளம் டாக்டர்களிடம் அற்றுப்போகக்கூடாது.

2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 34 கோடியே 60 லட்சம் ரூபாயில் ரோபோ அறுவை மையம் திறந்தார்கள். மனதார வரவேற்கிறேன். கணக்கையும் போட்டுப் பார்க்கிறேன். பத்தாண்டு ஓடும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 3 கோடியே 46 லட்சம். வாரத்துக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு நூறு அறுவை செய்தால், ஒன்றுக்கு 3 லட்சத்து 46 ஆயிரம். நாளைக்கு மூன்றாக ஆண்டுக்குத் தொள்ளாயிரம் செய்தால், ஒன்றுக்கு 38 ஆயிரத்துச் சொச்சம். பராமரிப்பு தனி. பத்து, பதினெட்டு முறைக்குள் மாற்றியே தீரவேண்டிய கருவிகளின் விலையும் தனி. சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட் வீல் எந்திரம் ஒரு ஷிப்ட் நின்றால் என்ன நஷ்டம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் சுரங்கத் தோழர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படி ஒரு பக்கெட் வீல்தான்.

ஆகையால் மாவட்டத்துக்கு மாவட்டம் ரோபோ வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். மாவட்டத்துக்கு மாவட்டம் நல்ல லேப்ராஸ்கோப்பி வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும். ரோபோ யாருக்கு உண்மையிலேயே தேவையோ, அவருக்குக் கடலூர் மாவட்டத்திலிருந்து எழுதி அனுப்பினால் சென்னையில் தேதி கிடைக்கவேண்டும்; துணைக்கு வருபவரின் பஸ் செலவும் சேர்த்து.

எது மலிவு, எது விலை கூடுதல் என்று தீர்மானிக்க உட்காரும் அதிகாரிகள், நோயாளி வேலைக்குத் திரும்பாத நாட்களின் கூலியையும் ஒரு வரியாக எழுதட்டும். அடகு வைத்த அந்தத் தோட்டைச் சித்தியால் கடைசிவரை மீட்க முடியவில்லை. அதற்கும் ஒரு வரி போடட்டும்.