வரைகலைத் தொழிலும் நம் பிள்ளைகளும்

 

ஒரகடம் தொழிற்சாலைகளையே நம்பியிருந்த நம் சிங்கப்பெருமாள் கோவில் பிள்ளைகளுள் சிலர் இன்று வரைகலைத் தொழிலை நாடுகின்றனர். ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் பழகினால் போதுமென அவர்கள் எண்ணலாகாது. அவை உளி போன்ற கருவிகளே, கைத்திறன் வேறு.

முதலாவது, எழுத்தின் வடிவறிவு. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒரே வடிவில் இணைக்க அவ்வறிவே துணைநின்றது. தமிழை அரபு எழுத்தில் எழுதக் கூடுதல் எழுத்துகளை அமைத்து, அர்வி நூல்களை யாத்த முன்னோரின் வழிவந்த நமக்கு இக்கலை அந்நியமன்று.

இரண்டாவது, அச்சறிவு. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் வண்ணம் காட்டும்; அச்சகமோ சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் அச்சிடும். இவ்வேறுபாடு அறியாதவரின் திரையில் ஒளிர்ந்த பச்சை, தாளில் மங்கிவிடும்.

மூன்றாவது, வாடிக்கையாளரின் தேவையைப் பொறுமையாகக் கேட்டு, தம் வடிவமைப்பின் காரணத்தை எடுத்துரைக்கும் திறன். நான்காவது, அமானிதம். பிறர் படத்தை அனுமதியின்றி எடுப்பதும், சொன்ன நாளில் பணியை முடிக்காதிருப்பதும் அதற்கு முரணானவை.

பெற்றோர்களே! ‘படம் வரைந்து பிழைக்க முடியுமா?’ என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். முறையாகக் கற்கச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருவாயையும் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.