குறையை இழந்த கர்ணன்

(ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதிகாச மாந்தர்களைத் தொலைக்காட்சித் தொடர்கள் எப்படி மாற்றிக் காட்டுகின்றன, அந்த மாற்றம் நம் வகுப்பறைக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று நினைக்கிறேன். இது தமிழாசிரியர்களுக்கு மட்டுமான பேச்சு அன்று. கணக்கு எடுப்பவரும் அறிவியல் எடுப்பவரும் வகுப்பாசிரியராக இருக்கும்போது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ போய், "மகாபாரதத்தில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கர்ணன் என்ற பெயர்தான் முதலில் வரும். காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள்: கேட்டதையெல்லாம் கொடுத்தான், நண்பனுக்காக உயிரையே விட்டான். இரண்டும் சரிதான். ஆனால் வியாச பாரதத்தில் கர்ணன் அதோடு முடிந்துவிடுகிறானா?

சூதாட்ட மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். "தன்னைத் தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?" என்று திரௌபதி கேட்கிறாள். பெரியவர்கள் பதில் சொல்லத் தயங்குகிறார்கள். அப்போது எழுந்து நின்று நியாயம் பேசுகிறவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். கௌரவர் நூற்றுவரில் ஒருவன். அவனை அதட்டி உட்கார வைப்பது யார்? கர்ணன். திரௌபதியை இழிவான சொல்லால் பேசுவதும், அவள் ஆடையைக் களையும்படி துச்சாதனனிடம் சொல்வதும் கர்ணன்தான். பின்னர்ப் போர்க்களத்தில் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து நிற்கையில் அவன் வில்லை அறுத்தவனும் கர்ணனே.

இவற்றைச் சொல்வது கர்ணனைக் கீழே தள்ளுவதற்காக அன்று. கதை அதோடு நிற்கவில்லை. தூது முடிந்து திரும்பும் கண்ணன், கர்ணனிடம் அவன் பிறப்பைச் சொல்லும் இடம் வருகிறது. துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவரிடம் தான் பேசிய கடுஞ்சொற்களை எண்ணி வருந்துவதாகக் கர்ணனே அங்கே சொல்கிறான். இறுதியில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைய, அவன் அறத்தைப் பற்றிப் பேசுகிறான். அன்று அந்த மண்டபத்தில் உன் அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்கிறான். கர்ணன் பதில் சொல்லவில்லை. வெட்கித் தலை குனிகிறான்.

அந்தத் தலைகுனிவுதான் கர்ணனை மிகப் பெரிய பாத்திரமாக்குகிறது. தன் தவற்றைத் தானே உணர்ந்த மனிதன் அவன். தவற்றை எடுத்துவிட்டால் உணர்வதற்கு என்ன இருக்கிறது? பெரும்பாலான தொடர்களில் நம் பிள்ளைகளின் மனத்தில் தங்குகிற கர்ணன், அநியாயமாக ஒதுக்கப்பட்டவன், கொடுத்தவன், கடைசியில் ஆயுதமில்லாத நேரத்தில் கொல்லப்பட்டவன். 2015-இல் இந்தியில் அவனையே நாயகனாக்கித் தனித் தொடரே வந்தது. நாயகன் என்று ஆனபின் அவன் குறைகளுக்கெல்லாம் ஒரு சமாதானம் தேடியாக வேண்டும். குறையோடு சேர்ந்து அவன் மனவருத்தமும் போய்விடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். தொலைக்காட்சி மட்டும்தான் மாற்றியதா? இல்லை. நம் தமிழ் மரபே மாற்றிச் சொன்ன மரபுதான். வான்மீகியில் அகலிகை கல்லாகவில்லை, கம்பனில் கல்லாகிறாள். கர்ணன் சாகும் தறுவாயில் தன் புண்ணியத்தையெல்லாம் தாரை வார்ப்பது வில்லிபுத்தூரார் தந்த காட்சி, வியாசரிடம் இல்லை. 1964-இல் வந்த 'கர்ணன்' திரைப்படம் அந்தத் தமிழ்க் கர்ணனைத்தான் நம் தாத்தா பாட்டிகளின் நெஞ்சில் உட்கார வைத்தது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்தில் திரௌபதி தெய்வமாகவே நிற்கிறாள். 1912-இல் பாரதியார் பாஞ்சாலியை அடிமைப்பட்ட நாட்டின் குரலாக்கினார். ஆகவே, 'மூலத்தில் இல்லை, அதனால் தவறு' என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதை அளவுகோலாக வைப்பது? நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: ஒரு மாற்றம் பாத்திரத்தை ஆழமாக்குகிறதா, தட்டையாக்குகிறதா? கம்பன் இராமனைப் பரம்பொருளாகவே பாடுகிறான். அப்படிப்பட்டவன், மறைந்து நின்று அம்பு எய்தது ஏன் என்று வாலியை விட்டு இராமனையே விரிவாகக் கேள்வி கேட்க வைக்கிறான். தன் நாயகன் மீதான குற்றச்சாட்டைக் கவிஞன் மறைக்கவில்லை. தொடர்களில் இந்தத் துணிவைக் காண்பது அரிது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1987 சனவரியில் தூர்தர்சனில் இராமாயணம் தொடங்கியபோதும், 1988 அக்டோபரில் மகாபாரதம் தொடங்கியபோதும் அவை வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலையில் வந்தன. 2013-இல் வந்த மகாபாரதத் தொடர் தமிழில் குரல் மாற்றப்பட்டு வாரத்தில் பல நாள் வீட்டுக்கு வந்தது. நாள்தோறும் அரை மணி நேரத்துக்குக் கதை வேண்டும். நாளைக்கும் பார்க்க வைக்க ஒரு கொக்கி வேண்டும். ஒவ்வொரு நாளும் சூழ்ச்சி செய்ய ஓர் ஆள் வேண்டும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைப் பின்னணி இசையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் தாமே எடைபோட இடமில்லை.

அந்தத் தினசரி வேலைக்கு அகப்பட்டவன் சகுனி. அவன் தந்தையும் உடன்பிறந்தோரும் சிறையில் மாண்டார்கள், தந்தையின் எலும்பில் செய்த பகடைகளை வைத்துப் பழிவாங்கினான் என்ற கதை நாட்டுப்புறத்தில் உண்டு. வியாச பாரதத்தில் இல்லை. இந்தக் கதையைத் தொடர்கள் பிடித்துக்கொண்டதால் ஒரு விளைவு ஏற்பட்டது. குருச்சேத்திரத்துக்கே சகுனி ஒருவன்தான் காரணம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வியாசர் அப்படி எழுதவில்லை. சூதாட்டம் நடக்கும்போது, "வென்றாயிற்றா? வென்றாயிற்றா?" என்று மகிழ்ச்சியை மறைக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் அரியணையில் இருந்த திருதராட்டிரன். பழி முழுவதையும் ஒருவன் தலையில் கட்டிவிட்டால், தடுக்கக் கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காதவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியில் ஏதாவது தவறு நடந்தால் ஒரே ஒரு மாணவனை 'சகுனி' ஆக்கிவிட்டு மற்றவர்கள் கலைந்து போவதில்லையா?

இன்னொன்று. 1988 தொடரிலும் 2013 தொடரிலும் சகுனி காலை விந்தி நடக்கிறான். வியாசரின் சகுனிக்கு அப்படி ஒரு குறை சொல்லப்படவில்லை. நடிப்புக்கு ஓர் அடையாளமாக வைத்திருக்கலாம். ஆனால் நம் வகுப்பில் காலில் குறையுள்ள ஒரு குழந்தை இருந்தால், மற்ற பிள்ளைகள் அவனை அந்தப் பெயரால் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்கெனவே 'கூனி' என்ற சொல் நம் பேச்சில் படும் பாடு தெரியும். உள்ளடக்கிய கல்வி என்று நாம் பேசுகிறோம். உடற்குறையைக் கெட்ட மனத்தின் அடையாளமாகக் காட்டும் காட்சியைக் கேள்வி கேட்காமல் விட்டால் அந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லை.

நிறமும் அப்படியே. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு. கறுப்பானவள் என்பதே பொருள். கண்ணன் கறுப்பு, கம்பனின் இராமனும் கரிய திருமேனி உடையவன். திரையில் திரௌபதி கறுப்பாக இருப்பதைப் பார்ப்பது அரிது. இராமனுக்கும் கண்ணனுக்கும் நீலம் பூசிவிடுகிறார்கள். உண்மையான கறுப்பு அசுரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வான்மீகியிலோ, இராவணனைப் பார்க்கும் அனுமன் அவன் தோற்றத்தையும் கம்பீரத்தையும் கண்டு வியந்து நிற்கிறான். அறம் தவறாதிருந்தால் தேவருலகையும் ஆளத் தக்கவன் என்று எண்ணுகிறான். கறுத்த பெண்குழந்தை ஒருத்தி நம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பேரழகி என்று காவியம் பாடிய திரௌபதி தன் நிறம்தான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

பெண்கள் மீது பழி திரும்பும் இடங்களையும் கவனியுங்கள். 1988 தொடரில், மயன் மண்டபத்தில் தடுக்கி விழுந்த துரியோதனனைப் பார்த்து, குருடனின் மகன் குருடன் என்று திரௌபதி சொல்கிறாள். வியாச பாரதத்தில் அவள் அப்படிச் சொல்லவில்லை. அங்கே சிரித்தவர்களாகக் கதை சொல்வது பீமன் முதலானவர்களை. திரௌபதியும் மகளிரோடு சிரித்தாள் என்பது, பின்னால் துரியோதனன் தன் தந்தையிடம் முறையிடும்போது சொல்வது. அந்த ஒரு வசனத்தால் என்ன ஆகிறது? 'அவள் வாய்த்துடுக்குதான் போருக்குக் காரணம்' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இலக்குவன் கிழித்த கோடும் அப்படித்தான். வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனில் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். கோடு வந்தபின், கடத்தியவன் குற்றம் சிறிதாகி, தாண்டியவள் குற்றம் பெரிதாகிவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்? தொடரைப் பார்க்காதே என்று சொல்வதில் பயனில்லை. 2020 ஊரடங்கில் பழைய தொடர்கள் மறுபடி ஒளிபரப்பானபோது வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தது. பல பிள்ளைகளுக்குக் கதை தெரிந்ததே அதனால்தான். வீட்டில் உள்ளவர்களின் பக்தியைப் புண்படுத்தவும் கூடாது; வேறு சமயப் பிள்ளைகள் அந்நியமாக உணரவும் கூடாது. கம்பராமாயணத்தை நாம் இலக்கியமாகத்தான் பாடம் நடத்துகிறோம். அந்த வழியிலேயே போகலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: "அந்த இடத்தில் அவர் வேறு என்ன செய்திருக்கலாம்?" நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். ஆளைப் பற்றி அல்லாமல் செயலைப் பற்றிக் கேளுங்கள்.

நடுநிலை வகுப்புகளில், "இந்தக் கதையை உனக்கு யார் சொன்னார்?" என்று கேளுங்கள். ஒரே நிகழ்ச்சியைத் தொடரில் பார்த்தபடி ஒருவர், பாட்டியிடம் கேட்டபடி ஒருவர், கூத்தில் பார்த்தபடி ஒருவர் சொல்லட்டும். மூன்றும் வேறுபடும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இந்த இடத்தை ஏன் மாற்றியிருப்பார்கள், மாற்றியதால் பழி யார் மேல் போயிற்று என்று பேச விடுங்கள். செய்தி படிக்கும்போதும் காணொளி பார்க்கும்போதும் இதே பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குச் செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் நான்கு பெயர்களை எழுதுங்கள்: கர்ணன், விகர்ணன், கும்பகர்ணன், வீடணன். நால்வரும் தவறு செய்கிற ஒருவனுக்குக் கடமைப்பட்டவர்கள். கர்ணன் அவனை மகிழ்விக்கப் பேசினான், பிறகு வருந்தினான். விகர்ணன் சபையில் எதிர்த்துப் பேசினான், ஆனாலும் அண்ணன் பக்கமே நின்று போரில் மாண்டான். அவனைக் கொன்ற பீமனே அவனுக்காக வருந்துகிறான். கும்பகர்ணன் முகத்துக்கு நேராகத் தவற்றைச் சொல்லிவிட்டுப் போருக்குப் போனான். வீடணன் சொல்லிப் பார்த்து, கேட்கவில்லை என்றதும் விலகினான். "உன் நண்பன் தவறு செய்தால் நீ இந்த நால்வரில் யார்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

இந்தக் கேள்வி இன்றைக்கு மிகவும் தேவையான கேள்வி. 'நண்பனுக்காக எதையும் செய்வேன்' என்று கையில் பெயர் எழுதிக்கொள்ளும் வயது அது. நண்பன் கூப்பிட்டான் என்று அடிதடிக்குப் போகிறவனும், நண்பன் ஒரு பெண்ணைக் கேலி செய்யும்போது கூட நின்று சிரிக்கிறவனும் தன்னைக் கர்ணனாகத்தான் நினைத்துக்கொள்கிறான். குறையை இழந்த கர்ணனை அவனுக்குக் காட்டினால், அவன் அந்தச் சிரிப்பைத் தியாகம் என்றே நம்புவான். தலை குனிந்த கர்ணனைக் காட்டினால், நட்பும் தவறாகலாம், தவற்றை உணர்வதும் வீரம்தான் என்று அவனுக்குப் புரியும்.

கடைசியாக நமக்கும் ஒரு சொல். ஆண்டுத் தொடக்கத்திலேயே, 'இவன் நல்ல பையன், அவன் சரிப்பட்டு வரமாட்டான்' என்று பிரித்துவிட்டால் நாமும் தொடர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடைசி பெஞ்சிலும் ஒரு விகர்ணன் எழுந்து நிற்கக்கூடும். அவனை அதட்டி உட்கார வைக்காமல் இருப்போம்.