கேளாமல் பெற்ற சிறுநீரகம்

உயிரோம்புதலைப் பேசும் மேடைகளில் கொல்லாமையும் புலால் மறுத்தலுமே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படும். இன்றைய பொருள் சற்று வேறானது. நாய்க்கும் பூனைக்கும் செய்யப்படும் சிறுநீரக அறுவை மருத்துவமே அது. நோய் தீர்க்க எடுத்த கத்தியைப் பற்றி அறத்திற்கு என்ன வழக்கு இருக்கக்கூடும் என்று தோன்றலாம். வழக்கு இருக்கிறது.

முதலில் ஒரு பழங்கடனைச் சொல்லியாக வேண்டும். 1869ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணின் நோயுற்ற பக்கத்துச் சிறுநீரகத்தை அகற்றத் துணிந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் உயிர் வாழ முடியுமா என்பது அன்று உறுதியாகத் தெரியாத செய்தி. ஆகவே அவர் முன்னதாக நாய்களிடத்தில் அதைச் செய்து பார்த்தார். நாய்கள் பிழைத்தன, பின்னர் அப்பெண்ணும் பிழைத்தார். 1902இல் வியன்னாவில் எமெரிக் உல்மன் ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதன் கழுத்திலேயே பொருத்தி, அதிலிருந்து சிறுநீர் சொட்டுவதைக் காட்டினார். இன்று மனிதர்க்கு நிகழும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அந்த நாயின் கழுத்தில் இருக்கிறது.

அவ்வாறு கற்ற கலை இப்போது விலங்குகளுக்கே திரும்பி வருகிறது. சில பெண் நாய்க்குட்டிகள் பிறந்தது முதல் ஓயாமல் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை பழக்கினாலும் பாய் நனையும். வளர்ப்பவர் சினந்து அடிப்பதும் உண்டு. குட்டியின் மேல் பிழையில்லை. சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்ல வேண்டிய குழாய், பையில் திறவாமல் அதைத் தாண்டி வெளிவழியில் போய்த் திறந்திருக்கும். சைபீரியன் ஹஸ்கி, லாப்ரடார் முதலிய இனங்களில் இக்குறை மிகுதி. குழாயின் வாயைப் பைக்குள் திருப்பி அமைத்தால் பல குட்டிகளுக்கு ஒழுக்கு நின்றுவிடும். சிலவற்றிற்கு மருந்தும் தொடர வேண்டும். அடி வாங்கிய நாள்களை மட்டும் எந்த மருத்துவரும் திருப்பித் தர இயலாது.

பூனையின் துன்பம் வேறு வகையானது. அதன் சிறுநீர்க் குழாயின் உட்துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. அதில் கால்சியம் ஆக்சலேட் கல் ஒன்று சிக்கினால் மருந்தால் கரையாது. பெரும்பாலும் ஒரு பக்கம் ஓசையின்றி அடைபட்டு, அச்சிறுநீரகம் சுருங்கிப்போயிருக்கும். பூனையோ அதைக் காட்டிக்கொள்ளாது. மறுபக்கமும் அடைபடும்போதுதான் அது உணவை மறுத்து மூலையில் முடங்கும். குழாயை அறுத்துக் கல்லை எடுப்பதுண்டு. தைத்த இடம் சுருங்கி மீண்டும் அடைவதும் உண்டு. ஆதலால் இப்போது புறவழி ஒன்றை அமைக்கிறார்கள். சிறுநீரகத்தில் ஒரு மென்குழல், பையில் ஒரு மென்குழல், இரண்டையும் இணைக்கும் சிறு கலம் தோலுக்கடியில். சில திங்களுக்கு ஒருமுறை அக்கலத்தில் ஊசியிட்டுக் கழுவிவிட வேண்டும். செலவும் பணியும் மிகுதிதான். ஆயினும் இதற்காக வேறோர் உயிரைத் தீண்ட வேண்டியதில்லை.

சிறுநீரகமே அழிந்துவிட்டால் என் செய்வது? 1987இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பூனைக்குப் பூனையின் சிறுநீரகத்தைப் பொருத்தும் மருத்துவம் தொடங்கியது. குருதி ஒத்துப்போனால் உறவில்லாத பூனையின் சிறுநீரகமும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நாய்களுக்கு இது எளிதில் கைகூடுவதில்லை. அவற்றின் உடல் அயலுறுப்பைக் கடுமையாகத் தள்ளிவிடுகிறது. பூனைக்கோ சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தை வாழ்நாள் முழுதும் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் வாழ்வனவும் உண்டு, மருத்துவமனையை விட்டு மீளாதனவும் உண்டு.

கொடுக்கும் பூனை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆதரவற்ற விலங்குகளின் காப்பகத்திலிருந்து, அல்லது ஆய்வுக்கென வளர்க்கப்பட்ட கூட்டத்திலிருந்து. நோயுற்ற பூனையின் உரிமையாளர் கொடைப் பூனையையும் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று இறுதிவரை பேண வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிலையங்கள் நெறி வகுத்தன. நல்ல நெறியே. இடமின்மையால் காப்பகத்தில் கொல்லப்படவிருந்த உயிர்க்கு ஒரு வீடு கிடைக்கிறதே என்பது அவர்கள் வாதம். அதை எள்ளி ஒதுக்க இயலாது. ஆனால் வீடு கொடுக்க ஒரு சிறுநீரகத்தை விலையாகக் கேட்க வேண்டுமா?

தமிழிலக்கணம் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை வேறுபடுத்தும். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ஈ என்பான். ஒத்தோன் தா என்பான். உயர்ந்தோன் கொடு என்பான். மூன்றும் கேட்போன் வாய்ச்சொற்கள். கேட்கப்படுபவன் ஒருவன் எதிரில் நிற்கிறான்; இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்கிறது. அப்பூனையிடம் இம்மூன்றில் எச்சொல்லும் சொல்லப்படவில்லை. எனவே அதைக் கொடைப் பூனை என்பது மங்கல வழக்கேயன்றி மெய்ப்பெயர் ஆகாது.

பிரித்தானியாவில் கால்நடை மருத்துவரை நெறிப்படுத்தும் அரச கல்லூரி ஒரு காலத்தில் கடும் நிபந்தனைகளுடன் இம்மருத்துவத்திற்கு இடம் அளித்தது. பின்னர் மீண்டும் ஆராய்ந்து, உயிருள்ள விலங்கினிடமிருந்து சிறுநீரகம் எடுப்பது அறமன்று என முடிவு செய்தது. எடுக்கப்படும் விலங்கிற்கு அவ்வறுவையால் உடல்நலன் ஏதுமில்லை, வலி மட்டுமே உண்டு என்பது அதன் அடிப்படை. இம்முடிவே பொருத்தமுடையது. அமெரிக்காவிலோ அது தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது.

அவ்வகை வீடுகளில் இரண்டு பூனைகள் இருக்கும். ஒன்றுக்கு நாள்தோறும் தவறாமல் மருந்து. மற்றொன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு, பெரும்பாலும் நலமாகவே, சன்னலோரம் வெயில் காயும். அதன் குழாயிலும் ஒரு நாள் கல் சிக்கினால் ஈடுகொடுக்க மறுபக்கம் இல்லை. பெற்ற பூனை இறந்த பின்பும் அது சில வீடுகளில் நெடுங்காலம் வாழ்கிறது. யாருக்காக அது கொண்டுவரப்பட்டதோ அந்தப் பூனை இல்லாத வீட்டில், அதன் தட்டில் வேளைதோறும் உணவு வைக்கப்படுகிறது.