ரெண்டு டேபிளும் ஒரு நம்பரும்: தேர்தல் பத்திரம் நமக்குச் சொன்னது

(எபிசோடில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

"பணம் இருக்கறவன் நெனைக்கறதுதான் அரசியல்ல நடக்கும்." இதை நாம எல்லாருமே எப்பவாவது சொல்லியிருப்போம். டீக்கடைல சொல்வோம், ஆபீஸ் கேன்டீன்ல சொல்வோம், சொல்லிட்டு "சரி, நாம என்ன பண்ண முடியும்"னு எழுந்து போயிடுவோம். இன்னைக்கு அங்கேயே நிக்காம ஒரு படி உள்ள போய்ப் பார்க்கலாம். அந்தப் பணம் எந்த வழியா போகுது? அது யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியாது? இதுக்கு நான் எடுத்துக்கற உதாரணம் தேர்தல் பத்திரம், அதாவது எலெக்டோரல் பாண்ட்.

2024 மார்ச்ல ரெண்டு வாரம் நியூஸ் முழுக்க இதுதான். முழு விவரம் வெளிய வந்தது மார்ச் 21. மறுநாள் சேப்பாக்கத்துல ஐபிஎல் முதல் மேட்ச், சிஎஸ்கே – ஆர்சிபி. அதுக்கப்புறம் எலெக்ஷன். நம்ம டைம்லைன்ல இருந்து பாண்ட் காணாமப் போச்சு. ஆனா நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கறவன், எனக்கு அது மறக்கல. ஏன்னா அந்த மொத்த விவகாரமும் கடைசில ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற பிரச்சனையா வந்து நின்னுச்சு.

பத்திரம் எப்படி வேலை செஞ்சது?

2017 பட்ஜெட்ல அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி இதை அறிவிச்சார். 2018 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு. விஷயம் சிம்பிள். நீங்களோ ஒரு கம்பெனியோ ஸ்டேட் பேங்க்ல போய் பத்திரம் வாங்கணும். 1,000 ரூபாய்ல ஆரம்பிச்சு 1 கோடி வரைக்கும் அஞ்சு வகை. வாங்கினதைக் கட்சிக்குக் கொடுக்கணும். கட்சி 15 நாளுக்குள்ள தன் அக்கவுண்ட்ல போட்டு பணமா மாத்திக்கணும். பத்திரத்துல வாங்கினவர் பேர் இருக்காது. யார் கொடுத்தாங்கன்னு கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்ல.

அரசாங்கம் சொன்ன காரணத்தையும் நியாயமா சொல்லிடறேன். முன்னாடி பணம் மூட்டையா, கறுப்புப் பணமா போச்சு, இப்போ பேங்க் வழியா வெள்ளையா போகும்னாங்க. ஒரு கட்சிக்குக் கொடுத்தா இன்னொரு கட்சி ஆட்சிக்கு வந்ததும் பழிவாங்கும், அதனால கொடுக்கறவருக்கு ரகசியம் வேணும்னாங்க. ரெண்டாவது பயம் உண்மையான பயம்தான். அதை நான் கிண்டல் பண்ணல.

ஆனா அதோட கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. அதுவரைக்கும் ஒரு கம்பெனி தன்னோட கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்க முடியும். அந்த வரம்பையே எடுத்துட்டாங்க. அதாவது நஷ்டத்துல ஓடுற கம்பெனியும் எவ்வளவு வேணாலும் கொடுக்கலாம். லாபமே இல்லாத கம்பெனிக்கு நன்கொடை கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்னு கேட்க ஆள் இல்ல. ரிசர்வ் வங்கி ஆட்சேபம் சொல்லுச்சு, தேர்தல் ஆணையமும் 2017லயே இது பின்னோக்கிப் போற நடவடிக்கைன்னு கடிதம் எழுதுச்சு. இருந்தும் திட்டம் வந்துடுச்சு.

ஆறு வருஷத்துல வித்த பத்திரங்களோட மதிப்பு 16,500 கோடி ரூபாய்க்கு மேல. அதுல 90 சதவீதத்துக்கும் மேல 1 கோடி ரூபாய் பத்திரம். 1,000 ரூபாய் பத்திரம் இருந்துச்சுதான், ஆனா நம்மள மாதிரி ஆட்களுக்கான திட்டம் இது இல்லைங்கறது இந்த ஒரு கணக்குலயே தெரிஞ்சுடும்.

ரகசியம் யாருக்கிட்ட இருந்து?

நான் முக்கியமா சொல்ல வர்றது இதைத்தான். "ரகசிய நன்கொடை"ன்னு சொன்னாங்களே, அது யாருக்கு ரகசியம்?

கொடுத்த கம்பெனிக்குத் தெரியும். வாங்கின கட்சிக்கும் பெரும்பாலும் தெரியும். பத்து கோடி கொடுக்கறவர் "நான்தான் கொடுத்தேன்"னு சொல்லாம போவாரா? ஸ்டேட் பேங்க் பொதுத்துறை வங்கி, அவங்களுக்குத் தெரியும். கிரிமினல் வழக்கு பதிவாகியிருந்தா விசாரணை அமைப்புகள் அந்த விவரத்தைக் கேட்டு வாங்கலாம்னு திட்டத்துலயே எழுதியிருந்துச்சு. 2018லயே ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய் பத்திரங்களை வாங்கி லேப்ல கொடுத்துப் பார்த்தாங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு நம்பர் புற ஊதா வெளிச்சத்துல தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனி நம்பர். அது பாதுகாப்புக்கு மட்டும்தான்னு அரசு சொன்னது.

அப்போ தெரியாதது யாருக்கு? ஓட்டுப் போடுற நமக்கு மட்டும்தான்.

கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்கு சீல் வெச்ச கவர்ல கொடுத்த பதில்களும் பின்னாடி வெளிய வந்துச்சு. பீகார்ல நிதிஷ் குமாரோட ஐக்கிய ஜனதா தளம் சொன்னதைக் கேளுங்க. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி பாட்னா ஆபீஸுக்கு யாரோ வந்து ஒரு ஒட்டின கவரைக் கொடுத்தாங்களாம். பிரிச்சுப் பார்த்தா உள்ள பத்து பத்திரம், ஒவ்வொண்ணும் 1 கோடி. யார்னு தெரியாதாம். நம்ம வீட்டுக்கு கொரியர்ல ஒரு சார்ஜர் வந்தாலே ஓடிபி கேட்கறாங்க. பத்து கோடிக்குப் பேர் கூட கேட்கலையாம்.

மார்ச் 21: அந்த நம்பர்

2024 பிப்ரவரி 15. உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகள் ஒருமனதா இந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு தீர்ப்பு கொடுத்தாங்க. கட்சிக்கு யார் பணம் கொடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறது வாக்காளரோட உரிமை, அது கருத்துச் சுதந்திரத்துக்குள்ள வருதுன்னாங்க. 7.5 சதவீத வரம்பை எடுத்ததும் செல்லாதுன்னாங்க. 2019 ஏப்ரல்ல இருந்து எல்லா விவரத்தையும் வெளியிடணும்னு ஸ்டேட் பேங்குக்கு உத்தரவு.

ஸ்டேட் பேங்க் ஜூன் 30 வரை டைம் கேட்டுச்சு. வாங்கினவங்க விவரம் ஒரு இடத்துல, மாத்தின கட்சிகள் விவரம் இன்னொரு இடத்துல இருக்கு, 22,217 பத்திரம், ரெண்டையும் பொருத்திப் பார்க்க நாளாகும்னாங்க. நம்ம ஃபீல்டுல இருக்கறவங்க இதைக் கேட்டா என்ன சொல்வீங்க? 22,000 வரி எக்செல்லுக்கே சாதாரணம். ஜூன் 30னா எலெக்ஷன் முடிஞ்சிருக்கும். கோர்ட் ஒத்துக்கல, ஒரு நாள்தான் கொடுத்துச்சு.

முதல்ல வந்தது ரெண்டு தனித்தனி லிஸ்ட். ஒண்ணுல வாங்கினவர் பேர், தேதி, தொகை. இன்னொண்ணுல கட்சி பேர், தேதி, தொகை. ரெண்டையும் சேர்க்கற கீ இல்ல. கோர்ட் மறுபடி கேட்டதும் மார்ச் 21 அந்த நம்பரோட வந்துச்சு. சில மணி நேரத்துல பத்திரிகைகளும் தனி ஆட்களும் ஜாயின் பண்ணி, யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு யார் வேணாலும் தேடிப் பார்க்கற மாதிரி போட்டுட்டாங்க.

அதுல என்ன இருந்துச்சு?

அதிகம் வாங்கினது பாஜக. வெளிவந்த காலகட்டத்துல சுமார் 6,060 கோடி, மொத்தத்துல கிட்டத்தட்ட பாதி. அடுத்து திரிணமூல் சுமார் 1,600 கோடி. அப்புறம்தான் காங்கிரஸ், சுமார் 1,400. அதுக்கப்புறம் பிஆர்எஸ், பிஜேடி, திமுக.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிங்க. ஒரே ஒரு மாநிலத்துல ஆட்சியில இருந்த திரிணமூல், தேசியக் கட்சியான காங்கிரஸைத் தாண்டுது. தெலங்கானா, ஒடிசா, தமிழ்நாடுன்னு அந்தந்த இடத்துல கையெழுத்துப் போடற அதிகாரம் யார்கிட்ட இருந்துச்சோ அவங்க பேர் மேல வருது. திமுக ஆட்சிக்கு வந்த 2021-22ல மட்டும் 306 கோடி வாங்கியிருக்கு. எல்லா இடத்துலயும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2019ல ஆட்சியில இருந்த அதிமுக காட்டினது வெறும் 6 கோடிதான். அதுலயும் பெரும்பகுதி கொடுத்தது யாருன்னா, சென்னை சூப்பர் கிங்ஸ் கம்பெனி.

நாட்டிலேயே அதிகமா பத்திரம் வாங்கினது கோயம்புத்தூர் முகவரி கொண்ட ஃபியூச்சர் கேமிங். லாட்டரி கம்பெனி. 1,368 கோடி. இதுல திமுகவுக்கு மட்டும் 509 கோடின்னு திமுகவே சொல்லியிருக்கு. திரிணமூலுக்கு அதைவிட அதிகம், பாஜகவுக்கு 100 கோடி. இப்போ யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல லாட்டரி 2003ல இருந்து தடை. திராவிடம் பேசற கட்சி, இந்துத்துவா பேசற கட்சி, வங்காளப் பெருமை பேசற கட்சி எல்லாரும் மேடைல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கறாங்க. நாம அதை வெச்சு வாட்ஸ்அப் குரூப்ல நட்பையே முறிச்சுக்கறோம். ஆனா நன்கொடை லிஸ்ட்ல ஒரே பேர். கொடுத்தவருக்குக் கொள்கை ஒரு பொருட்டா இல்ல, அதிகாரம்தான் முக்கியம்னு நினைக்கத் தோணுது.

இன்னொரு உதாரணம். டெல்லி மதுபான வழக்குல அரபிந்தோ பார்மாவோட இயக்குநர் ஒருத்தர் 2022 நவம்பர் 10 கைதானார். அஞ்சு நாள் கழிச்சு அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்குது. அதைப் பணமாக்கினது பாஜக. பின்னாடி அவர் அந்த வழக்குல அப்ரூவர் ஆனார். ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல, நானும் சொல்லல. சிறப்புப் புலனாய்வு வேணும்னு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. ஆனா அந்த நம்பர் வராம இருந்திருந்தா இந்தக் கேள்வியைக் கேட்கவே நம்மால முடிஞ்சிருக்காது.

ஓட்டுக்கு ரெண்டாயிரம்

நம்ம ஊர்ல பணமும் அரசியலும்னு பேச்செடுத்தா உடனே என்ன வரும்? திருமங்கலம் ஃபார்முலா. ஆர்.கே.நகர். பணப் பட்டுவாடா காரணமா 2017ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தாச்சு, 2019ல வேலூர்ல லோக்சபா தேர்தலே ரத்தாச்சு. "ரெண்டாயிரத்துக்கு ஓட்டை வித்துட்டாங்க, இவங்களாலதான் நாடு கெட்டுச்சு"னு சிட்டில உட்கார்ந்து நாம ஸ்டேட்டஸ் போடறோம்.

ஓட்டுக்குப் பணம் வாங்கறது தப்பு. சட்டப்படி குற்றமும்கூட. ஆனா ஒரு கணக்குப் பாருங்க. ரெண்டாயிரம் வாங்கின அம்மாவுக்கு அதோட முடிஞ்சுது. அவங்க போய் டெண்டர் விதியை மாத்தச் சொல்ல முடியாது, அவங்க போன் பண்ணா அமைச்சர் எடுக்க மாட்டார். பணத்தை வாங்கிட்டு வேற ஆளுக்குக் குத்தினாலும் யாருக்கும் தெரியாது. கோடிகள்ல கொடுக்கறவருக்கு எலெக்ஷன் முடிஞ்ச பிறகும் கதவு திறந்திருக்கும். அவர் ஓட்டை வாங்கல. ஓட்டுப் போட்டு முடிச்ச அப்புறம் நடக்கற அஞ்சு வருஷத்துல அவருக்கு ஒரு இடம் கிடைக்குது. முதல்ல சொன்னதைத் தேர்தல் ஆணையம் பறக்கும் படை வெச்சுத் தேடுது. ரெண்டாவது ஆறு வருஷம் சட்டப்படி, பேங்க் கவுண்டர்லயே நடந்துச்சு.

லோக்சபா வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்கள்ல செலவு வரம்பு 95 லட்சம். அவரோட கட்சி செய்யற செலவுக்கு வரம்பே கிடையாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

இப்போ என்ன நிலைமை?

பத்திரம் போயிடுச்சு. ஆனா எலெக்டோரல் டிரஸ்ட்னு 2013ல இருந்தே ஒரு வழி இருக்கு. கம்பெனிகள் டிரஸ்டுக்குக் கொடுக்கும், டிரஸ்ட் கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். யார் கொடுத்தாங்க, எந்தக் கட்சிக்குப் போச்சுங்கற ரெண்டு விவரமும் வருஷா வருஷம் தேர்தல் ஆணையத்துக்குப் போகுது. பத்திரத்தைவிட இது நல்லதுதான். ஆனா எல்லாப் பணமும் ஒரே பானைல விழறதால, எந்தக் கம்பெனியோட பணம் எந்தக் கட்சிக்குப் போச்சுன்னு பெரும்பாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. பெரிய டிரஸ்டான ப்ரூடென்ட் 2023-24ல கொடுத்ததுல பெரும்பங்கு பாஜகவுக்குப் போச்சு. ஆனா யாரோட பணம்? மறுபடியும் ரெண்டு டேபிள் இருக்கு, கீ இல்ல.

பணத்தை அரசியல்ல இருந்து முழுசா எடுத்துட முடியும்னு நான் நம்பல. கட்சி நடத்தப் பணம் வேணும். எதிர்க்கட்சிக்குக் கொடுக்கறவருக்குப் பழிவாங்கல் பயம் இருக்குங்கறதும் நிஜம். ஆனா அதுக்கு மருந்து பழிவாங்கறதைத் தடுக்கறதுதான், நம்ம கண்ணைக் கட்டறது இல்ல. சின்னத் தொகை கொடுக்கற தனிமனுஷனுக்கு வேணா ரகசியம் இருக்கட்டும். அரசாங்க கான்ட்ராக்ட் எடுக்கற கம்பெனி கோடிக்கணக்குல கொடுத்தா, எந்தக் கட்சிக்கு, எந்தத் தேதில, எவ்வளவுன்னு எலெக்ஷனுக்கு முன்னாடி தெரியணும். நான் கேட்கறது அந்த ஒரு காலம் மட்டும்தான்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. தேர்தல் ஆணைய வெப்சைட்ல கட்சிகளோட வருடாந்திர நன்கொடை அறிக்கை இருக்கு. 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தவங்க பேர் அதுல இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச கட்சியோட அறிக்கையை முதல்ல எடுங்க. பிடிக்காத கட்சியோடதை யாராவது கண்டிப்பா எடுத்திருப்பாங்க. படிச்சுட்டு உங்களுக்கு ஆச்சரியமா பட்ட பேரை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம்.